உள்வாயில் மரம் வேண்டாம்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

போன மாதம் தூத்துக்குடி உப்பளத்தில் வளைமூக்கு உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவைகளின் கூட்டம் ஒன்றைப் பார்த்தேன். உலக அளவில் அது அழிவாய்ப்பு இனமாகிவிட்டது என்று படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. எங்கள் ஊர்க் குளத்துக்கும் வருமாம். இளைஞர் மன்றம் சார்பில் குளத்தைச் சுற்றி 500 மரக்கன்று நடப்போகிறோம். சைபீரியாவில் முட்டையிடும் பறவைக்கு இங்கிருந்து வேறென்ன செய்ய முடியும்? எந்த பைனாகுலர் வாங்கலாம்?

ஒரு வாசகர், பாளையங்கோட்டை

தம்பி,

பைனாகுலர் எட்டுக்கு நாற்பத்திரண்டு (8x42) என்று போட்டிருப்பது போதும். அதை விடுங்கள். அந்த மரக்கன்றுகளைத் தயவுசெய்து நடாதீர்கள்.

உங்கள் நல்ல மனசு தெரிகிறது. ஆனால் பறவை என்றாலே மரம் என்று நினைப்பது கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் பார்த்துப் பழகிய கண். அங்கே கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் வீட்டு மரங்களில்கூடக் கூடு கட்டும், ஊரே காவல் காக்கும். சந்தோஷம். உள்ளானுக்கு அதெல்லாம் ஆகாது. 60 கிராம் இருக்கும் அந்த உயிர் பிறப்பதே மரமில்லாத ஆர்க்டிக் தரையில். இங்கே அதற்கு வேண்டியது கணுக்கால் அளவு தண்ணீரும் சேறும் நாலு பக்கமும் திறந்த வெளியும். மரம் வளர்ந்தால் வல்லூறு மறைந்து வர வழி கிடைக்கும். அந்தப் பக்கமே உள்ளான் இறங்காது.

என் தாத்தா தாமிரபரணிக் கால்வாய்க் குளம் ஒன்றில் நீர்ப்பாய்ச்சி. பிசான நெல் முற்ற முற்ற, குளத்துத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக உள்வாயிலிருந்து, அதாவது கரைக்கு உள்ளே தண்ணீர் பரவும் சரிவிலிருந்து, பின்வாங்கும். நேற்று முழுகிக் கிடந்த சேறு இன்று வெளியே வரும், புழுவோடு. தினம் புதுப் பந்தி விரித்த மாதிரி. மடையைப் பார்க்கப் போகும் தாத்தாவோடு நானும் போவேன். தண்ணீர் விளிம்பு போகிற போக்கில் உள்ளான்களும் நகர்ந்துகொண்டே இருக்கும். அப்போது எனக்கு அவை வெறும் குருவிகள்.

இப்போது அதே குளத்தில் நடுவே ஆழமாகத் தோண்டி, சுற்றிலும் கல் பதித்து, நடைபாதை போட்டு, விளக்கும் வைத்துவிட்டார்கள். இறங்கி மேய ஒரு முழம் சேறு கிடையாது. அழகுபடுத்தினார்களாம்! தூர் வார வேண்டாம் என்று சொல்லவில்லை, விவசாயிக்குத் தண்ணீர் வேண்டும். உள்வாய்ச் சரிவையாவது விட்டுவைத்திருக்கலாம்.

சைபீரியா என்கிறீர்கள். அங்கே அது இருப்பது கோடையில் கொஞ்ச காலம். அங்கே லெம்மிங் எலி குறைந்த வருஷம் நரிகள் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும். அந்த வருஷம் குஞ்சே தேறாது. அதற்கு நீங்களும் நானும் ஒன்றும் செய்ய முடியாது. அப்படிப்பட்ட வருஷங்களைத் தாண்ட வளர்ந்த பறவை உயிரோடு இருக்க வேண்டும். அது ஆண்டில் பெரும்பகுதியைக் கழிப்பது நம் உப்பளத்திலும் குளத்துச் சேற்றிலும்தான். முதல் வருஷக் குஞ்சுகளில் பல, கோடையிலும் திரும்பிப் போவதில்லை. 2024இல் அதை அழிவாய்ப்புப் பட்டியலுக்கு ஏற்றினார்கள். கூடவே சாம்பல் உப்புக்கொத்தி என்ற இன்னொரு கரைப்பறவையையும். சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவில் உள்ள மஞ்சள் கடலில், இந்தப் பறவைகள் வழியில் இறங்கும் சேற்றுவெளியைத் தூர்த்த கதை பெரிது, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இத்தனை பேர் வேலைக்குத் தயாராக இருக்கிறீர்கள். முறைப்படி அனுமதி வாங்கி, உள்வாயில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலத்தை வேரோடு எடுங்கள். மரம் நட்டே ஆக வேண்டுமென்றால் கரையின் வெளிப்பக்கம் பனை விதை போடுங்கள். அப்புறம், ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், மன்றத்துப் பையன்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

குளத்தின் பெயரை எழுதவில்லையே? எழுதுங்கள். கன்றுகளை ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.