பெரிய வண்டிக்கும் ட்ரெய்லருக்கும் சார்ஜிங் இடம்: கேட்டவையும் சொன்னவையும்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் மின்வாகன சார்ஜர் போட நினைக்கிறவர்கள் கேட்டவை இவை. தரிப்பிட வரைபடமும் மின்வேலைத் திட்டமும் போடுவது என் தொழில். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

வாழைச்சேனை: அண்ணா, படகை ட்ரெய்லரில் இழுத்துக்கொண்டு டபிள் கெப் வந்தால் சாதாரண கார் தரிப்பிடம் போதாதா?

போதாது தம்பி. காருக்கு 2.4 மீற்றர் அகலம், 4.8 மீற்றர் நீளம் என்று கோடு போடுகிறோம், கெப்பே ஐந்து மீற்றரைத் தாண்டும், பின்னால் படகோடு ட்ரெய்லர் இன்னும் ஏழு எட்டு. அதை ரிவர்ஸில் மூலைக்குள் செருகச் சொன்னால் ட்ரெய்லரைக் கழற்றி வழியில் விட்டுவிட்டுத்தான் சார்ஜ் போடுவார்கள், பிறகு மற்றவர்களுக்குப் பாதை இல்லை. பெற்றோல் செட் மாதிரி ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் நேரே போகட்டும்: 4 மீற்றர் அகலம், 15 மீற்றருக்குக் குறையாத நீளம்.

சார்ஜரை மட்டும் நடுவில் நட்டுவிடாதீர்கள். சார்ஜ் ஏறுவது முன்னால் நிற்கிற வண்டிக்குத்தானே, ட்ரெய்லருக்கு இல்லையே! வெளியேறும் முனையிலிருந்து நாலைந்து மீற்றர் உள்ளே வைத்தால் சரி. சார்ஜ் வாயும் வண்டிக்கு வண்டி மாறும், நிசான் லீஃபுக்கு மூக்கில், டெஸ்லாவுக்குப் பின் இடது மூலையில். நேர்வழி என்றால் ட்ரைவர் கொஞ்சம் முன்பின் நகர்த்திக் கேபிள் எட்டும்படி நிறுத்திக்கொள்வார்.

அக்கரைப்பற்று: நானா, நம்ம கடைக் காணி ரோட்டோரம், ஆழம் குறைவு. நேர்வழி வராது.

அப்படியென்றால் ரோட்டுக்குச் சமாந்தரமாக, காணிக்குள்ளேயே ஒரு நீளப் பட்டை விடுங்கள், நுழைவு வேறு, வெளியேற்றம் வேறு. ட்ரெய்லரின் வால் ஏ4 வீதியில் நீட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தால் திட்டத்தையே விடுங்கள். சீமெந்துத் தரை போட்டால் அறுவடை நாளில் யாராவது நெல் காயப்போடுவார்கள், அதற்கும் சேர்த்து யோசியுங்கள்.

பொத்துவில்: சேர், எங்கள் ஹோட்டலில் த்ரீ பேஸ் (மூன்று கம்பியில் வருகிற) 30 அம்பியர் மின் இணைப்பு இருக்கிறது. 60 கிலோவாட் சார்ஜர் போடலாமா?

முடியாது. 30 அம்பியர் த்ரீ பேஸில் வருவது ஏறக்குறைய 20 கிலோவாட், அதிலும் ஹோட்டல் ஏசி பங்கு கேட்கும். 60 கிலோவாட்டுக்கு ஒவ்வொரு பேஸிலும் 90 அம்பியரளவு வேண்டும். சார்ஜர் வாங்க முன்னம் மின்சாரக் கந்தோரில் உங்கள் ட்ரான்ஸ்போமர் தாங்குமா என்று கேளுங்கள். ஆனால் இரவு தங்குகிறவர்களுக்கு இவ்வளவு தேவையா என்பதே என் கேள்வி. 100 கிலோவாட் மணிப் பற்றரி 7 கிலோவாட் மெதுவான சார்ஜரில் வெறுமையிலிருந்து நிரம்பப் பதினைந்து மணித்தியாலம் எடுக்கும் என்பது உண்மைதான், ஆனால் யாரும் வெறும் பற்றரியோடு வருவதில்லை, இரவு முழுக்க மெதுவாக ஏறினாலே போதும். ட்ரெய்லர் இழுப்பவர்கள் கொஞ்சம் விதிவிலக்கு, இழுத்தால் ஓடும் தூரம் பாதியாகக்கூடக் குறையும், அவர்களுக்காக ஒன்று மட்டும் வேகமானதாக வைக்கலாம்.

களுவாஞ்சிக்குடி: மார்கழி வெள்ளத்துக்கு என்ன செய்வது? கூரை எவ்வளவு உயரம்?

ஊரில் பெரியவர்களிடம் வெள்ளம் எதுவரை ஏறியது என்று கேட்டு, அதற்கு மேலே ஒரு முழம் கூட்டிச் சார்ஜருக்குப் பீடம் கட்டுங்கள். ஆனால் சார்ஜர் கேபிளின் கைபிடியும் திரையும் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் எட்ட வேண்டும், பீடம் ஆளுயரம் போனால் அது நடக்காது, அந்த இடத்தை விட்டு மேட்டுக்குப் போங்கள். கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று, சாதாரண இரும்புப் பெட்டி துருப்பிடிக்கும். கூரைக்குக் கீழே பஸ்ஸும் லொறியும் முட்டாமல் நாலரை மீற்றர் விடுங்கள்.

கல்முனை: நீள இடத்தில் சின்னக் கார்க்காரர் வந்து நின்றால்?

சார்ஜர் அங்கே மட்டும்தான் என்றால் நிற்கத்தான் செய்வார்கள், குறை சொல்ல முடியாது. பக்கத்தில் கார்களுக்கென்று இரண்டு சார்ஜர் போடுங்கள்.