12 வயதுப் பிள்ளைக்கு வீட்டில் பண்டைய வரலாறு: எதை வைத்துப் படிப்பிக்கலாம்?

ஏழாம் தர வயதில் இருக்கும் மகளுக்கு வீட்டிலேயே படிப்பிக்கிறோம், பண்டைய வரலாற்றுக்கு எந்தப் புத்தகம், எந்த இணையத்தளம் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் திருகோணமலைதான். என் மகனுக்கு வீட்டில் வரலாறு சொல்லிக்கொடுத்து வருகிறேன், அந்த அனுபவத்தில் இருந்து எழுதுகிறேன்.

எந்தப் புத்தகத்தையும் வாங்குவதற்கு முன் அதில் பிரமிட் பற்றிய பக்கத்தைத் திறந்து பாருங்கள். கூஃபு மன்னன் பெரிய பிரமிட்டைக் கட்டுவித்தான் என்பதோடு நின்றுவிடுகிறதா, இல்லை அது நமக்கு எப்படித் தெரியும் என்றும் சொல்கிறதா? 2013இல் செங்கடல் கரையில், வாடி அல்-ஜர்ஃப் என்ற பழைய துறைமுகத்தில் பப்பைரஸ் என்ற நாணல்தாள் ஏடுகள் கிடைத்தன. கூஃபு காலத்தவை. தூரா என்ற இடத்தில் வெட்டிய சுண்ணக்கல்லைப் படகில் ஏற்றி, பெரிய பிரமிட் நிற்கும் கீசாவுக்குக் கொண்டுபோன கதையை, மெரெர் என்ற மேற்பார்வையாளர் நாள்வாரியாகக் குறித்து வைத்திருக்கிறார். பிரமிட் வேலையில் நின்ற ஒரு மனிதரின் நாட்குறிப்பு, 4,500 வருடம் தாண்டி நம் கையில் இருக்கிறது! இந்த வயதுப் பிள்ளைக்கு மன்னர் பட்டியலைவிட இதுதான் பிடிக்கும். இப்படிச் சான்றைக் காட்டிப் பேசும் புத்தகம் கிடைத்தால் அது மெல்லியதாக இருந்தாலும் எடுங்கள். படம் நிறைய இருந்தும் சான்று பற்றி ஒரு வரியும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

முதுகெலும்பாக ஒரு பாடநூல் வேண்டும். நம் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் வரலாற்றுப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாக இறக்கலாம். சாதாரண தரப் பரீட்சைக்கு வரலாறு கட்டாயப் பாடம் என்பதால் அதைத் தள்ளிவைக்க முடியாது. ஆனால் அது இலங்கையை மையமாக வைத்தது. உலக நாகரிகங்களுக்குத் தமிழ்நாட்டு அரசின் பாடநூல்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அவையும் இலவசம். ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் சிந்துவெளிப் பாடம் எளிமையாக இருக்கும். எகிப்து, மெசொப்பொத்தேமியா, சீனா எல்லாம் ஒன்பதாம் வகுப்பில் வருகின்றன. அந்த நடை 12 வயதுக்குக் கொஞ்சம் கனம். நீங்கள் முதலில் வாசித்து, வாய்ச்சொல்லாகச் சொல்லிக்கொடுங்கள். தமிழில் இந்த வயதுக்கென்று எழுதிய நல்ல உலக வரலாற்று நூல்கள் மிகக் குறைவு, அதனால் சொல்லும் வேலை பெற்றோருடையதாகிவிடுகிறது. எனக்கு அதில் சந்தோஷம்தான்.

படத்துக்குப் பெரிய அருங்காட்சியகங்களின் தளங்கள் போதும். எகிப்தின் பழைய எழுத்தை வாசிக்க உதவிய ரொசெட்டா கல் பிரிட்டிஷ் மியூசியத்தில், பாபிலோனிய மன்னன் ஹம்முராபியின் சட்டத்தூண் பாரிஸ் லூவரில். ஆங்கில விளக்கத்தை முழுக்க வாசிக்கத் தேவையில்லை. படத்தைப் பெரிதாக்கி, “இதில் என்ன தெரிகிறது?” என்று மட்டும் கேளுங்கள். ஈழத்து நூல்களுக்கு ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் தேடுங்கள், அங்கே கிடைப்பதைப் பார்த்து நீங்களே வியப்பீர்கள்.

நம் ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. மகாசேன மன்னன் கோகர்ணத்தில் இருந்த தேவாலயத்தை அழித்து விகாரை எழுப்பினான் என்று மகாவம்சம் சொல்கிறது. அந்தக் கோகர்ணம் திருகோணமலையே என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. கொஞ்சம் பிந்தி, ஏழாம் நூற்றாண்டில், திருஞானசம்பந்தர் “குரைகடல் ஓதம் நித்திலங் கொழிக்கும் கோணமா மலை” என்று பாடுகிறார். ஒன்று பௌத்த பிக்குகள் பாளியில் எழுதிய வரலாறு, மற்றது சிவனைப் பாடிய பதிகம். இரண்டையும் பக்கத்தில் வைத்து, யார் எழுதினார்கள், எப்போது, யாருக்காக, எதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று பிள்ளையோடு பேசுங்கள். பதிலை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். இந்த விஷயத்தில் வீட்டிலும் வெளியிலும் சூடான பேச்சு நிறைய. பிள்ளை நிதானமாகச் சான்றைப் பார்க்கப் பழக வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அப்புறம் ஒரு விடுமுறை நாளில் நிலாவெளி, குச்சவெளி தாண்டித் திரியாய்க்குக் கூட்டிப்போங்கள். அங்கே பாறையில் பல்லவ கிரந்த எழுத்தில் ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கிறது. அதில் வணிகர்களைப் பற்றிய செய்தி வருகிறது. கடல் வணிகம் என்ற பாடத்துக்கு அதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது.

யூடியூப்பில் கவனம் தேவை. பிரமிட்டை வேற்றுக்கிரகவாசிகள் கட்டினார்கள் என்றும், குமரிக்கண்டம் பல பத்தாயிரம் வருடப் பழமை என்றும் தமிழிலேயே ஏராளமான வீடியோக்கள் ஓடுகின்றன. தமிழின் பழமையைக் காட்ட ஆசை என்றால் கீழடியைக் காட்டுங்கள். தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை தமிழிலும் உண்டு. ஒரு கரி மாதிரியைச் சோதித்து எப்படி கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று காலம் கணித்தார்கள் என்பதே பிள்ளைக்கு ஒரு நல்ல விஞ்ஞானப் பாடம்.

காசு செலவில்லாத இன்னொன்று, சுவரில் ஒட்டும் காலக்கோடு. 100 வருடத்துக்கு 10 சென்ரிமீற்றர் என்று வைத்தால், கி.மு. 3000 முதல் இன்றுவரை ஐந்து மீற்றருக்குக் கொஞ்சம் கூடிய தாளில் அடங்கிவிடும். கூஃபுவையும் கிளியோபாத்ராவையும் குறிக்கச் சொல்லுங்கள். கிளியோபாத்ரா பிரமிட்டுக்குக் கிட்டவா, நமக்குக் கிட்டவா என்று பிள்ளையே அளந்து பார்க்கட்டும்.

இந்த வருடத்துக்கு மெசொப்பொத்தேமியா, எகிப்து, சிந்துவெளி, அதோடு நம் ஊர், இவ்வளவும் போதும். கிரேக்கத்தையும் உரோமையும் அடுத்த வருடம் எடுங்கள்.