லைட்னிங் லேன் நேரம் தாண்டிவிட்டால் உள்ளே விடுவார்களா?

கேள்வி ஃப்ளோரிடா வால்ட் டிஸ்னி வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காவைப் பற்றியது: லைட்னிங் லேன் (காசு கட்டி, நீண்ட வரிசையில் நிற்காமல் ரைடுக்குப் போகும் தனி வழி) முன்பதிவு 2:10 முதல் 3:10 வரை, 3:20க்குப் போய்ச் சேர்ந்தால் செல்லுமா?

பெரும்பாலும் செல்லும். நேரம் தொடங்க 5 நிமிடம் முன்பிருந்து, முடிந்து 15 நிமிடம் வரை நுழைவாயில் கருவி ஏற்றுக்கொள்வதுதான் நடைமுறை. ஆனால் இது சலுகை, உரிமை அல்ல. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். இதற்கு முன்னோடியான பழைய காகித ஃபாஸ்ட்பாஸ் சீட்டுக் காலத்தில், குறித்த நேரம் தொடங்கிய பின் அன்று எப்போது வந்தாலும் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். 2012இல் கெடுபிடி வந்தது. இன்று முடிவு பெரும்பாலும் கருவியின் கையில்.

நுழைவாயில் கருவியில் டிஸ்னியின் மேஜிக்பேண்ட் கைப்பட்டையையோ டிக்கெட்டையோ வைத்ததும் பச்சை எரிந்தால் போகலாம். நீலம் என்றால் ஊழியர் திரையைப் பார்ப்பார். சில நிமிடத் தாமதத்துக்கு அவர் மனசு வைத்தால் உண்டு. சண்டை போட்டால் நிச்சயம் இல்லை! உள்ளே இரண்டாவது கருவியும் இருக்கும். அங்கே போய்ச் சேருமுன் நேரம் முடிந்துவிடுமோ என்று பதற வேண்டாம். முதல் கருவியில் பதிந்த நேரம்தான் கணக்கு. குடும்பத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதிய வேண்டும், பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

உங்கள் நேரத்தில் ரைடு பழுதாகி நின்றால் பயம் வேண்டாம். முன்பதிவு தானாகவே நேரக் கட்டுப்பாடு இல்லாத பாஸாக மாறும்; எந்தெந்த ரைடுகளுக்குச் செல்லும் என்பது டிஸ்னியின் செயலியில் தெரியும். தாமதம் உங்களுடையது என்றால், நேரம் முடியும் முன்பே செயலியில் வேறு நேரத்துக்கு மாற்றப் பாருங்கள்.