ஜவ்வு புடைத்திருந்தால் கழுத்தில் அறுவைச் சிகிச்சை தேவையா?

கேள்வி: எனக்கு வயது 26. சுங்கை சிப்புட் அருகே செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறேன். இரண்டு ஆண்டுகளாகக் கழுத்து வலி. எம்ஆர்ஐ படத்தில் கழுத்தெலும்புகளுக்கு இடையிலுள்ள ஒரு ஜவ்வு புடைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். அறுவைச் சிகிச்சை செய்துகொண்டால் வலி தீருமா?

பதில்: வலி கழுத்தோடும் தோளோடும் நிற்கிறதா, கைக்குள் இறங்குகிறதா என்பதை நீங்கள் எழுதவில்லை, முடிவு அதைப் பொறுத்தது. கழுத்து அறுவைச் சிகிச்சை முக்கியமாக, நசுங்கிய நரம்பையோ தண்டுவடத்தையோ விடுவிப்பதற்காகச் செய்யப்படுவது. கழுத்தில் மட்டும் உள்ள வலிக்கு அதன் பலன் நிச்சயமில்லை. படத்தில் தெரியும் புடைப்பைக் கண்டு அஞ்ச வேண்டாம்: ஜப்பானில் கழுத்துத் தொந்தரவே இல்லாத 1,211 பேரைப் படமெடுத்துப் பார்த்து 2015இல் வெளியான ஆய்வில், இருபதுகளில் இருந்தவர்களிலேயே பெரும்பாலோருக்கு ஜவ்வு புடைத்திருந்தது.

உங்கள் வேலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். உயர்ந்த மரத்தடியில் மணிக்கணக்காக அண்ணாந்து நின்று, நீண்ட கம்பின் நுனியிலுள்ள அரிவாளைக் குலைக்காம்பில் மாட்டி வெடுக்கென்று இழுக்கும்போது, பிடரியின் மூட்டுகளும் தசைகளும் ஓய்வின்றி இறுகுகின்றன. ஜவ்வை எடுத்துவிட்டு மீண்டும் அங்கேயே போய் நின்றால் இந்தச் சுமை குறையாது. ஆகவே சில மாதங்களுக்கு மரம் குட்டையாக உள்ள நிரைகளைத் தரும்படி, மருத்துவரின் கடிதத்தோடு நிர்வாகத்திடம் கேளுங்கள். அரசாங்க கிளினிக்கின் பரிந்துரையோடு இயன்முறை மருத்துவரிடம் சென்று, கழுத்தின் முன்தசைகளையும் தோள்பட்டையையும் வலுப்படுத்தும் பயிற்சிகளை மூன்று மாதங்களாவது விடாமல் செய்யுங்கள். சுளுக்கு எடுப்பவரிடம் கழுத்தைத் திருகக் கொடுக்காதீர்கள். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் கிழியும் ஆபத்து அதில் உண்டு.

வலி கைக்குள் இறங்கினாலும், பலருக்குச் சில மாதங்களில் தானாகத் தணிந்துவிடும். தணியாமல் நீடித்து, மரத்துப்போகும் விரலும் படத்தில் நசுங்கிய நரம்பும் பொருந்தி வந்தால் (கட்டைவிரல் பெரும்பாலும் கழுத்தின் ஆறாவது நரம்பு, நடுவிரல் ஏழாவது) அறுவைச் சிகிச்சை நல்ல பலன் தரும். பொதுவாகத் தொண்டைப்பக்கம் கீறி, ஜவ்வை அகற்றி, இரு எலும்புகளையும் இணைத்துவிடுவார்கள். சிலருக்குக் கொஞ்ச காலம் விழுங்குவது சிரமமாகும், குரலும் கம்மும். இணைத்த இடம் அசையாததால் மேலும் கீழும் உள்ள ஜவ்வுகள் கூடுதல் பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கும். 26 வயதில் அந்தப் பாரம் நெடுங்காலத்துக்கு என்பதே என் கவலை. செயற்கை ஜவ்வு பொருத்த முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் சட்டைப் பொத்தானைப் போட விரல்கள் தடுமாறினாலோ, கை வலுவிழந்து வந்தாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் கட்டுப்பாடின்றிப் போனாலோ மேலே சொன்ன மூன்று மாதக் கணக்கு பொருந்தாது. அது தண்டுவடமோ நரம்போ பழுதாவதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.