மழைக்காலத்தில் அடித்த ஸ்ப்ரே பெயின்ட் ஏன் வெளுக்கிறது?

கேள்வி: ரங்கூனில், ஆகஸ்ட் மாதம், வீட்டு மாடத்தில் வைத்து சைக்கிள் ஃப்ரேமுக்குக் கறுப்பு ஸ்ப்ரே அடித்தேன். காய்ந்ததும் பால் தெளித்ததுபோல் மங்கிவிட்டது. டப்பா மட்டமா?

டப்பாமேல் பழி போடாதீர்கள், அது ஈரக்காற்றின் வேலை. தின்னர் ஆவியாகும்போது பெயின்ட் பரப்பு சட்டென்று குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் பனித்து, காயாத பெயின்டுக்குள் மாட்டிக்கொண்டு வெளுக்கிறது. இங்கே மே முதல் அக்டோபர் வரை மழை. நவம்பர் தாண்டி, வெயில் ஏறியபின் அடிப்பதே புத்திசாலித்தனம். லேசான வெளுப்பு என்றால், ஈரமில்லாத நாளில் மேலே மெல்லிசாக இன்னொரு கோட் அடித்துப் பாருங்கள், சில சமயம் தெளிந்துவிடும். இல்லையென்றால் 400 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

துரு இருந்தால் முதலில் 240 நம்பர் தாளால் தேய்த்து, தின்னர் துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள். அப்புறம் வெறுங்கையால் தொடாதீர்கள், விரல் பட்ட இடம்தான் பிறகு உரியும். பெயின்டுக்கு அடியில் பிரைமர் பூச்சு கட்டாயம்.

பெடல் அச்சு போகும் குழாயின் மரையை டேப் போட்டு மூடுங்கள். நான் மூடாமல் அடித்துவிட்டு, அதில் திருகும் பேரிங் கப் ஏறாமல் அரை நாள் பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

ஃப்ரேமைக் கொடியில் தொங்கவிட்டு, 25 செ.மீ. தள்ளி நின்று, கையை நிறுத்தாமல் வீசி அடியுங்கள். ஒரே கோட் அடித்து மூடப் பார்த்தால் வழியும். மூன்று மெல்லிய கோட், நடுவே 10, 15 நிமிடம். முகமூடியும் வேண்டும், பக்கத்து வீட்டுத் துணி காய்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.