ஹசார்டும் ரிஸ்க்கும்

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்குச் சர்க்கரை நோய். காபியில் சர்க்கரைக்குப் பதிலாக அஸ்பர்டேம் என்ற செயற்கை இனிப்பு மாத்திரை போட்டுக்கொள்வார். அது புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டதாக வாட்ஸ்அப்பில் படித்ததிலிருந்து டப்பாவைத் தொடுவதில்லை. தேடிப்பார்த்தால் ஒரு இடத்தில் ‘ஹசார்ட்’ என்கிறார்கள், இன்னொரு இடத்தில் ‘ரிஸ்க்’ இல்லை என்கிறார்கள். இரண்டும் ஆபத்துதானே?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

இரண்டும் வேறு. ஒரு பொருளுக்குக் கெடுதல் செய்யும் தன்மை உண்டா என்பது ஹசார்ட். நாம் அதை எவ்வளவு, எப்படிப் பயன்படுத்துகிறோம், அதனால் நமக்குக் கெடுதல் வர எவ்வளவு வாய்ப்பு என்பது ரிஸ்க்.

அம்மா படித்த செய்தி 2023 ஜூலையில் வந்தது. அன்று உலக சுகாதார நிறுவனம் சார்ந்த இரண்டு குழுக்களின் முடிவுகள் சேர்ந்தே வெளியாயின. ஹசார்டை மட்டும் பார்க்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, அஸ்பர்டேமை 2பி பிரிவில் வைத்தது. ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும், ஆனால் சான்று குறைவு’ என்று அதற்குப் பொருள். இந்தப் பிரிவுகள் சான்று எவ்வளவு உறுதியானது என்பதைத்தான் சொல்கின்றன, கெடுதல் எவ்வளவு பெரியது என்பதை அல்ல. சான்று மிக உறுதியாக உள்ள முதல் பிரிவில் புகையிலையும் இருக்கிறது, வெயிலும் இருக்கிறது. அதற்காக வெயிலில் நடப்பதும் சிகரெட் பிடிப்பதும் ஒன்றாகிவிடாது. இதை விட்டுவிட்டுச் செய்தி போடுவதால்தான் இவ்வளவு பேர் வீணாகப் பயப்படுகிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

ரிஸ்க்கைக் கணக்கிட்டது உணவுச் சேர்க்கைப் பொருட்களுக்கான இன்னொரு குழு. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் வரை போகலாம் என்ற பழைய வரம்பை மாற்றக் காரணமில்லை என்றது. 60 கிலோ எடை உள்ளவருக்கு அது 2,400 மில்லிகிராம். டயட் குளிர்பானம் ஒரு கேனில் 200 முதல் 300 மில்லிகிராம் இருக்கும் என்று வைத்துக்கொண்டாலும், தினமும் எட்டுக் கேனாவது குடித்தால்தான் அந்த வரம்பு வரும். காபிக்கு ஒன்றிரண்டு மாத்திரை அதன் பக்கத்தில்கூடப் போகாது.

ஆளைப் பொறுத்தும் ரிஸ்க் மாறும். ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் அஸ்பர்டேமைத் தவிர்த்தே ஆக வேண்டும். அவர்கள் உடலால் அதிலுள்ள ஃபீனைல்அலனைன் என்ற அமினோ அமிலத்தைச் சரியாகக் கையாள முடியாது.

அம்மாவுக்கு மாத்திரை பிடிக்காமலே போய்விட்டதென்றால் இனிப்பில்லாத காபிக்குப் பழகட்டும், நல்லதுதான். பயந்துபோய்ச் சர்க்கரைக்குத் திரும்புகிறார் என்றால் மட்டும் தடுத்துவிடுங்கள்.