லோரிச் சத்தம் கேட்டாலே உடம்பு விறைக்கிறது: உடல்வழிச் சிகிச்சை உதவுமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவள் நான். இப்போது டவுன் ஓரத் தாமானில் இருக்கிறோம். வயது 38. போன வருடம் காலையில் வேலைக்குப் போகும்போது, செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று தோட்டத்துச் சாலையிலிருந்து திடீரென்று திரும்பியது. பிரேக் பிடித்ததில் என் கப்சாய் மோட்டார் சறுக்கி விழுந்தேன். தோள்பட்டை எலும்பு முறிந்து, இப்போது கூடிவிட்டது. ஆனால் லோரி ஹாரன் கேட்டால் உடம்பு விறைத்துப் போகிறது, கை சில்லிடுகிறது, மூச்சு அடைக்கிறது. தூக்கம் பாதியில் கலைகிறது. இசிஜி எடுத்துப் பார்த்து இருதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். அம்மா "இது பயந்த கோளாறு, மந்திரிக்கணும்" என்கிறார். ஃபோனில் சொமாட்டிக் தெரப்பி எனும் உடல்வழிச் சிகிச்சை, வேகஸ் நரம்பு என்று நிறைய வீடியோக்கள் வருகின்றன. கோலாலம்பூர் போய்ப் பணம் கட்ட வசதியில்லை. இதையெல்லாம் வீட்டிலேயே செய்யலாமா? உண்மையிலேயே பலன் உண்டா?

பதில்: பலன் உண்டு. நீங்கள் கேட்பதில் ஒரு பாதியை வீட்டிலேயே, காசு செலவில்லாமல் செய்யலாம். மறு பாதியை, அதாவது விபத்தை நினைவுக்குக் கொண்டுவந்து செய்யும் வேலையை, பயிற்சி பெற்ற ஒருவர் துணையில்லாமல் தொடாதீர்கள். எது எந்தப் பாதி என்பதை அந்த வீடியோக்கள் பெரும்பாலும் பிரித்துச் சொல்வதில்லை.

நீங்கள் பயந்தாங்கொள்ளி இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். லோரி திரும்பிய அந்த நொடியில், நீங்கள் யோசிப்பதற்கு முன்பே மூளையில் அமிக்டலா என்ற சிறு பகுதி ஆபத்து என்று எச்சரித்துவிட்டது. அட்ரினலின் சுரந்து, இதயம் வேகமெடுத்து, ரத்தம் கை கால் தசைகளுக்குப் பாய்ந்திருக்கும். ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தயாராகும் முறை இது. இரண்டுக்கும் வழியில்லாதபோது உடம்பு விறைத்துப் போகும். இதெல்லாம் தன்னியக்க நரம்பு மண்டலத்தின் வேலை, நம்மிடம் கேட்டு நடப்பதில்லை. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். ஒரு மாதம் தாண்டியும் திடுக்கிடுதல், கெட்ட கனவு, அந்த வழியாகவே போகாமல் சுற்றிப் போவது எல்லாம் தொடர்ந்தால், அது பிடிஎஸ்டி எனப்படும் மனக்காய நோயாக இருக்குமோ என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். ஒரு கடிதத்தை வைத்து உங்களுக்கு அது இருக்கிறது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் ஒரு வருடம் ஆகியும் இப்படி என்றால் கட்டாயம் சோதித்துப் பார்க்க வேண்டும்.

அப்புறம் அந்த வேகஸ் நரம்பு. மூளைத்தண்டிலிருந்து இறங்கி, கழுத்து வழியாக இதயம், நுரையீரல், குடல் வரை போகிறது. அதன் இழைகளில் ஏறக்குறைய 80 விழுக்காடு உடம்பிலிருந்து மூளைக்குச் சேதி கொண்டுபோகின்றன. உடம்பின் வழியாக மூளையை அமைதிப்படுத்தலாம் என்ற எண்ணத்துக்கு இது ஓர் அடிப்படை. இந்த நரம்பை மையமாக வைத்து ஸ்டீபன் போர்ஜஸ் 1994இல் முன்வைத்த பாலிவேகல் கோட்பாட்டைத்தான் வீடியோக்களில் முடிந்த முடிவுபோலப் பேசுகிறார்கள். உடலியல் அறிஞர்களிடையே அது இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

இந்தச் சிகிச்சைகளில் பெயர் பெற்றது சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங். அமெரிக்கரான பீட்டர் லெவின் 1970களில் தொடங்கி உருவாக்கியது. இதில் நடந்த கதையை ஆதியோடந்தமாகச் சொல்லச் சொல்ல மாட்டார்கள். உடம்பில் இப்போது எந்த இடம் கொஞ்சமாவது சுகமாக, அல்லது சும்மாவாவது இருக்கிறது என்று முதலில் கேட்பார்கள். பாதமாக இருக்கலாம், நாற்காலியில் பதிந்த முதுகாக இருக்கலாம். அங்கே கவனம் நிலைத்த பிறகு, விபத்தின் ஒரு துணுக்கை மட்டும் தொடுவார்கள். தோள் இறுகுகிறதா? அங்கேயே நிறுத்திவிட்டு, மறுபடி அந்தச் சுகமான இடத்துக்குத் திரும்புவார்கள். சுடுகஞ்சியை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது மாதிரிதான். நடுவில் வாயை வைத்தால் சுட்டுக்கொள்வோம். உங்கள் விஷயத்தில், கை அன்று பிரேக்கைப் பிடித்த பிடியில் இறுகுவதைப் பயிற்சி பெற்றவர் கவனிக்கக்கூடும். அந்த அசைவை மிக மெதுவாகச் செய்துபார்க்கச் சொல்வார். அன்று பாதியில் நின்றுபோன தற்காப்பு அசைவை உடம்பு முடிக்க விட வேண்டும் என்பது லெவினின் கருத்து. சில வேளைகளில் தோளிலோ கையிலோ தொடுவார்கள், அதுவும் உங்கள் சம்மதத்தோடு மட்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆடையைக் களையச் சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

ஆதாரம் எப்படி என்று கேட்பீர்கள். 2017இல் வெளியான ஓர் இஸ்ரேலிய ஆய்வில், பிடிஎஸ்டி உள்ள 63 பேர் கலந்துகொண்டார்கள். வாரம் ஒன்றாக 15 அமர்வு. காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களைவிட, சிகிச்சை பெற்றவர்களுக்கு நல்ல முன்னேற்றம் தெரிந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான், ஆனால் சிறிய ஆய்வு. பிடிஎஸ்டிக்கு இதைவிட வலுவான ஆதாரம் உள்ளவை இரண்டு: மனக்காயத்தை மையப்படுத்திய சிபிடி பேச்சுச் சிகிச்சை, கண் அசைவோடு செய்யும் இஎம்டிஆர். உலகச் சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்ததும் இவற்றைத்தான். ஆகவே சொமாட்டிக் என்ற பெயருக்காகக் கடன் வாங்கிக் கோலாலம்பூர் போக வேண்டாம் என்பதே என் எண்ணம். ஈப்போவில் இந்த மூன்றில் எது முறையாகக் கிடைத்தாலும் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? இரவுச் சாப்பாடு முடிந்து வீடு அடங்கியதும் நாற்காலியில் உட்காருங்கள். கண்ணை மூட வேண்டாம். உங்களைப் போல அடிபட்டவர்களுக்குக் கண்ணை மூடினால் பயம் கூடுவதும் உண்டு. கழுத்தை மெதுவாகத் திருப்பி அறையைச் சுற்றிப் பாருங்கள். கதவு, காலண்டர், சாமி படம், ஜன்னலுக்கு வெளியே தெரியும் விளக்கு. பார்வை எங்கே தங்க விரும்புகிறதோ அங்கே தங்கட்டும். அப்போது பெருமூச்சு வரலாம், கொட்டாவி வரலாம், வயிறு கடமுடவென்று சத்தமிடலாம். வந்தால் நல்லது, உடம்பு இறங்கி வருகிறது. அதன் பிறகு இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி, மெல்ல விடுங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவது கொஞ்சம் நீளமாக இருக்கட்டும். மூச்சை விடும்போது வேகஸ் வழியாக இதயத் துடிப்பு சற்றுக் குறையும், இது சோதித்து அறிந்த விஷயம். மூச்சைக் கவனித்தாலே படபடப்பு கூடுகிறது என்றால் விட்டுவிட்டுப் பாதத்துக்கே போங்கள். சுவரை இரு கைகளாலும் மெதுவாகத் தள்ளுவதும் நல்லது, ஆனால் எலும்பு முறிந்த தோள் அது, முதலில் ஃபிசியோவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு மூன்று நிமிடம் போதும். பயம் வந்தபோது மட்டும் செய்யாமல், நன்றாக இருக்கும்போதே தினம் செய்தால்தான் அவசரத்தில் கைகொடுக்கும். மோட்டார் ஓட்டும்போது விறைப்பு வந்தால் எந்தப் பயிற்சியும் வேண்டாம். ஓரமாக நிறுத்தி, இறங்கி, நின்றுகொள்ளுங்கள்.

செய்யக்கூடாததும் உண்டு. தனியாகப் படுத்துக்கொண்டு விபத்தை முதலிலிருந்து ஓட்டிப் பார்க்காதீர்கள். ஒரே வார இறுதியில் உடம்பை உதறி, கதறி அழவைத்து எல்லாவற்றையும் வெளியேற்றுகிறோம் என்று விற்கிறார்களே, அதற்குப் போகாதீர்கள். ஒரே மூச்சில் கிளறினால் பலருக்குத் தூக்கம் இன்னும் கெடுகிறது, அதன் பிறகு எந்தச் சிகிச்சைக்கும் வரவே பயப்படுகிறார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு.

அம்மா சொல்வதைத் தட்ட வேண்டாம். கோயிலில் உட்கார்ந்து, தெரிந்த முகம் ஒன்று தணிந்த குரலில் பேசி நெற்றியில் திருநீறு இடுவது உடம்புக்கு இதம்தான். பட்டினி, விடிய விடியப் பூஜை, மருந்தை நிறுத்து என்ற பேச்சு வந்தால் மட்டும் மறுத்துவிடுங்கள். அம்மாவிடமே ஒரு வேலை கொடுங்கள்: இரவில் நீங்கள் விழித்துக்கொண்டால் பக்கத்தில் வந்து உட்காரட்டும், கேள்வி கேட்காமல்.

அடுத்து, சுங்கை சிப்புட் அரசு கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். தைராய்டு, ரத்தச்சோகை பார்த்தாகிவிட்டதா என்று கேளுங்கள், அவையும் படபடப்பைத் தரும். தலையில் அடிபட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். "விபத்துக்குப் பிறகு ஒரு வருடமாக லோரிச் சத்தத்துக்கு உடம்பு விறைக்கிறது, தூக்கமில்லை, அந்தச் சாலையைத் தவிர்க்கிறேன்" என்று இதே வரிசையில் சொல்லி, மனநலப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவு இருக்கிறது. மனநல மருத்துவமனை இருக்கும் தஞ்சோங் ரம்புத்தான் என்ற பெயரைச் சொல்லியே நம் ஊரில் பல பேரை வாயடைத்திருக்கிறார்கள், அதனால் உங்கள் வீட்டிலும் தயக்கம் இருக்கலாம். கடிதம் வாங்கினால் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள் என்ற பயம் வேண்டாம். உங்களைப் போன்றவர்கள் வெளிநோயாளியாக வந்து பேசிவிட்டு அன்றே வீடு திரும்புகிறார்கள். தனியார் கவுன்சலரிடம் போவதானால், 1998ஆம் ஆண்டு கவுன்சலர் சட்டத்தின்படி பதிவு பெற்றவரா என்று கேளுங்கள், பிறகு மனக்காயச் சிகிச்சையில் என்ன பயிற்சி என்று கேளுங்கள். இரண்டுக்கும் நேரான பதில் வர வேண்டும்.

வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு எப்போதாவது வந்தால் சந்திப்பு நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசியான ஹீல் எண் 15555, மனம் விட்டுப் பேசக் கேட்கும் தொண்டு அமைப்பான பிஃப்ரெண்டர்ஸ் எண் 03-7627 2929. உயிருக்கு ஆபத்து என்றால் 999.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்கவில்லை என்றாலும். வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்தும் பெர்கேசோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் பாதுகாப்பில் வரும். முதலாளி அன்று அதைப் பயண விபத்தாகப் பதிவு செய்தாரா என்று விசாரியுங்கள். செய்யவில்லை என்றால் போலீஸ் ரிப்போர்ட், ஆஸ்பத்திரிக் காகிதங்களோடு பெர்கேசோ அலுவலகத்துக்கு நீங்களே போய்க் கேளுங்கள்.